தமிழ்ப் பெயர் வைத்தால் உங்கள் மொழிக்கருவி தடுமாறுகிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

சனிக்கிழமை பிற்பகலில் சிங்கப்பூரின் ஒரு சமூக மன்ற அறையில் பிள்ளைகளுக்கு நிரல் எழுதச் சொல்லித்தருகிறோம். அதற்காக நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சின்னத் திறமூல நிரல்மொழியைப் பராமரிக்கிறோம். பைதானில் எழுதிய இன்டர்பிரெட்டர் (நிரலைப் படித்து ஓட்டுவது), ஒரு ஃபார்மேட்டர் (நிரலை ஒழுங்காக அடுக்குவது), எடிட்டருக்கான மொழிச் சேவையகம் (பெயரும் பிழையும் எங்கே என்று எடிட்டருக்குச் சொல்வது), இவ்வளவுதான் அதில் இருக்கிறது. எல்லாரும் பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள், அதனால் இஷ்யூ, அதாவது பிழைப் புகார், ஒன்று வந்தால் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் கைவைக்க முடியும். அந்த நேரத்தில் எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதற்காகத்தான் இந்தக் குறிப்பு. எங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்த கோளாறுகளை வெளியே தெரியும் அறிகுறிப்படி வைத்திருக்கிறேன். நீங்கள் பராமரிப்பது எந்த மொழியின் கருவியாக இருந்தாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "மாறிக்குத் தமிழில் பெயர் வைக்காதீர்கள்" என்று ரீட்மி என்ற அறிமுகக் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டு இஷ்யூவை மூடுவதை நான் சரிசெய்தலாக ஏற்பதில்லை. தமிழ் ஆட்சிமொழியாக இருக்கிற ஊர் இது. முதல் தமிழ் இணைய மாநாடு 1997-ல் நடந்ததும் இங்கேதான். திரையில் தமிழ் தெரியவேண்டும் என்பதற்காக நா. கோவிந்தசாமி போன்ற தமிழ்க் கணிமை முன்னோடிகள் அன்று உழைத்தார்கள். அந்தத் தமிழைக் கம்பைலரும் எடிட்டரும் உடைக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை நமக்கு மிச்சம் இருக்கிறது.

கைவைக்கும் முன்: மூன்று எண்களை எடுத்துக்கொள்ளுங்கள்

"தமிழ்" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து: த, மி, ழ். யூனிகோடு ஒவ்வொரு குறிக்கும் தரும் எண்தான் குறியெண், அந்தக் கணக்கில் இது ஐந்து குறியெண்கள்: 2980, 2990, 3007, 2996, 3021, அதாவது த, ம, இகரக்குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8 கோப்பாகச் சேமித்தால் பதினைந்து பைட், ஏனென்றால் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிக்கும். மூன்று, ஐந்து, பதினைந்து. கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல், கருவியின் ஒரு பகுதி மூன்று என்று எண்ணும் இடத்தில் இன்னொரு பகுதி ஐந்து என்றோ பதினைந்து என்றோ எண்ணுவதால் வருகிறவை.

அதனால் எந்தப் புகார் வந்தாலும் கோளாறைக் காட்டும் மிகச் சின்னக் கோப்பை முதலில் உருவாக்குங்கள், இரண்டு மூன்று வரி போதும். அப்புறம் அந்த வரியின் குறியெண்களைப் பட்டியலாக அச்சிட்டுப் பாருங்கள். பைதானில் ஒவ்வொரு குறிக்கும் ஆர்ட் (ord) செயற்கூற்றைக் கொடுத்தால் மேலே உள்ளது போன்ற எண்கள் வரும். எழுத்துரு எதை எப்படிக் காட்டினாலும் எண் மாறாது.

அறிகுறி 1: பெயர் நடுவில் வெட்டுப்படுகிறது, "எதிர்பாராத குறி" என்று பிழை வருகிறது

"பல" என்று பெயர் வைத்தால் ஓடுகிறது, "பழம்" என்று வைத்தால் விழுகிறது. இந்த இரண்டையும் ஓட்டிப் பார்ப்பதுதான் சோதனை. முதல் சொல்லில் வெறும் உயிர்மெய் அகரங்கள் மட்டும், இரண்டாவதில் புள்ளி இருக்கிறது. முதலாவது ஓடி இரண்டாவது விழுந்தால், உங்கள் லெக்சர் (நிரலைச் சொல் சொல்லாகப் பிரிக்கும் பகுதி) உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணவில்லை என்று அர்த்தம்.

எங்கள் லெக்சரில் பெயரைப் பிடிக்க பைதானின் வழக்கமான ரெகுலர் எக்ஸ்பிரஷன் (வடிவத்தை வைத்துத் தேடும்) தொகுதியில் பின்சாய்வுக்கோடு டபிள்யூ (\w) போட்டிருந்தோம். அதை வைத்து "தமிழ்" என்ற சொல்லில் தேடினால் "தம", "ழ" என்று இரண்டு துண்டு வரும், இகரக்குறியும் புள்ளியும் காணாமல் போயிருக்கும். பைதான் மொழி தன் சொந்தப் பெயர்களுக்கு இந்த விதியைப் பயன்படுத்துவதில்லை என்பதைக் கவனியுங்கள். பெப் 3131 என்ற பைதான் வரையறையின்படி பைதான் 3-ல் "தமிழ்" சரியான மாறிப்பெயர்தான். மொழி ஏற்கிறது, மொழியோடு வரும் தேடல் தொகுதி வெட்டுகிறது. இது தெரியாமல் இரண்டு வாரம் எழுத்துருவைச் சந்தேகப்பட்டோம்.

சரிசெய்ய இரண்டு வழி. யூனிகோடு கூட்டமைப்பு பெயர்களுக்கென்றே எக்ஸ்ஐடி ஸ்டார்ட், எக்ஸ்ஐடி கன்டினியூ என்று இரண்டு பண்புகளை வரையறுத்திருக்கிறது. முதல் குறி முதல் பண்பிலும் மீதிக் குறிகள் இரண்டாவதிலும் இருக்கவேண்டும், அவ்வளவுதான் விதி. உயிர்க்குறியும் புள்ளியும் இரண்டாவதில் அடங்கும். உங்கள் மொழியில் இந்தப் பண்புகளுக்கு நூலகம் இருந்தால் அதையே எடுங்கள், நாமாக எண் வரம்பு எழுதவேண்டாம். பைதானில் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு குறியாகச் சேர்த்துக்கொண்டே போய் இஸ்ஐடென்டிஃபையர் என்ற ஸ்டிரிங் செயற்கூற்றைக் கேட்டாலும் போதும், எங்கள் கோப்புகளின் அளவுக்கு வேகம் குறையவே இல்லை.

எடிட்டரில் வண்ணம் பாதிச் சொல்லோடு நின்றால் அதுவும் இதே நோய்தான், ஆனால் மருந்து வேறு கோப்பில் இருக்கும். வண்ணமிடும் இலக்கணக் கோப்பில் யாரோ ஏ முதல் இசட் வரை என்று எழுதியிருப்பார்கள். லெக்சரைத் திருத்திய நாளிலேயே அதையும் திருத்துங்கள், இல்லாவிட்டால் ஓடுகிற நிரல் எடிட்டரில் தப்பாகத் தெரியும். பிள்ளைகள் திரையில் தெரியும் வண்ணத்தைத்தான் நம்புவார்கள்.

கோ மொழியில் கருவி எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த மொழியின் விதியில் பெயர் என்பது எழுத்து வகையும் எண் வகையும் கீழ்க்கோடும் மட்டும், சேர்க்கைக் குறிகளுக்கு இடமில்லை. அங்கே "பழம்" என்ற பெயர் கம்பைல் ஆகாது, அது உங்கள் கோளாறு இல்லை. ஆனால் கோ மொழியின் யூனிகோடு தொகுதியில் உள்ள "இது எழுத்தா" என்ற கேள்வியை அப்படியே வைத்து உங்கள் மொழியின் லெக்சரை எழுதினால் அதே விதி உங்கள் மொழிக்குள்ளும் வந்துவிடும்.

அறிகுறி 2: கண்ணுக்கு ஒரே பெயர்தான், ஆனாலும் "அறிவிக்கப்படாத மாறி" என்கிறது

தொடக்கப்பள்ளி ஐந்தில் படிக்கும் பிள்ளை ஒருத்தி பறவை விளையாட்டு ஒன்று எழுதிக்கொண்டிருந்தாள். பறவையின் பெயர் கௌதாரி. மேலே அறிவித்திருக்கிறாள், கீழே பறக்கவிடுகிறாள், இன்டர்பிரெட்டர் அந்த மாறியே இல்லை என்கிறது.

"அக்கா, ரெண்டும் ஒண்ணுதானே? நீங்களே பாருங்க."

பார்த்தேன். எனக்கும் ஒன்றாகத்தான் தெரிந்தது. குறியெண்ணை அச்சிட்டதும் புரிந்தது. மேல் வரியில் முதல் எழுத்து 2965, 3020. கீழ் வரியில் 2965, 3014, 2995. முதலாவது க-வோடு ஔகாரக்குறி. இரண்டாவது க, எகரக்குறி, பிறகு ள என்ற முழு எழுத்து. கீழ் வரியை அவள் வேறொரு விசைப்பலகையில் தட்டி ஒட்டியிருக்கிறாள், அதில் ஔகாரக்குறி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ள-வைப் போட்டிருக்கிறாள். எழுத்துரு இரண்டையும் ஒரே மாதிரி வரைந்துவிட்டது. இதில் அவள் தப்பு ஒன்றுமே இல்லை, அச்சில் வரும் எத்தனையோ தமிழ்ப் பக்கங்களில் இப்படித்தான் இருக்கிறது.

இந்த அறிகுறிக்குள் மூன்று தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன, மூன்றுக்கும் மருந்து வேறு.

முதலாவது, ஒரே எழுத்தை யூனிகோடு இரண்டு விதமாக எழுத அனுமதிப்பது. "கொ" என்பது 2965, 3018 என்றும் வரலாம், 2965, 3014, 3006 என்றும் வரலாம். தரப்படி இரண்டும் சமம். என்எஃப்சி என்ற நார்மலைசேஷனைச் செய்தால் இரண்டும் முதல் வடிவத்துக்கு வந்துவிடும். பைதான் தன் பெயர்களை என்எஃப்கேசி வடிவத்துக்கும், ரஸ்ட் என்எஃப்சி வடிவத்துக்கும் மாற்றிக்கொள்கின்றன. ஜாவாஸ்கிரிப்ட் மாற்றுவதே இல்லை, அங்கே இவை இரண்டு வேறு மாறிகள். நாங்கள் ஏமாந்த இடம் இது: பைதான்தான் பார்த்துக்கொள்கிறதே என்று இருந்தோம். ஆனால் நம் மொழியின் மாறிப்பெயர் பைதானுக்கு வெறும் ஸ்டிரிங், அதை டிக்ஷனரியில் சாவியாகப் போடும்போது பைதான் எதையும் மாற்றாது. ஆகவே லெக்சர் ஒரு பெயர் டோக்கனை (பிரித்தெடுத்த சொல்லை) வெளியே விடும் அந்த ஒரே இடத்தில் என்எஃப்சி செய்யுங்கள். மேற்கோளுக்குள் இருக்கும் உரையைத் தொடாதீர்கள், அது நிரல் எழுதியவருடைய தரவு. கோப்பு முழுவதையும் திறக்கும்போதே மாற்றிவிடலாமே என்று தோன்றும். செய்தால் பிழைச் செய்தியின் இடக் கணக்கு எடிட்டரின் கணக்கோடு ஒத்துப்போகாது.

இரண்டாவது, கௌதாரி வகை. இதை எந்த நார்மலைசேஷனும் தீர்க்காது, ஏனென்றால் "கெள" என்பது தன்னளவில் சரியான இரண்டு எழுத்து. இதே வரிசையில் தமிழ் எண் ௧ (3047), எழுத்து க (2965) ஜோடியும் வரும். சில எழுத்துருக்களில் துணைக்காலும் ர-வும் வரும். ஸ்ரீ என்பதை ஸ (3000) வைத்தும் எழுதுவார்கள், ஶ (2998) வைத்தும் எழுதுவார்கள், பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம். இவற்றை ஓசைப்படாமல் ஒன்றாக்கிவிடக் கூடாது என்பது என் முடிவு, நாளைக்கு உண்மையிலேயே வேறான இரண்டு பெயர்கள் மோதிக்கொள்ளும். பிழைச் செய்தியைத்தான் நல்லதாக்கவேண்டும். பெயர் கிடைக்கவில்லை என்றால், ஔகாரக்குறியையும் எகரக்குறி-ளகரத்தையும் ஒன்றாக எண்ணும் ஒரு நிழல் வடிவத்தை இரண்டு பக்கமும் உருவாக்கி ஒப்பிடுங்கள். பொருந்தினால் "3-ஆம் வரியில் உள்ள கௌதாரியைச் சொல்கிறீர்களா? அங்கே ஔகாரக்குறி இருக்கிறது, இங்கே ள இருக்கிறது" என்று சொல்லுங்கள். இப்படி ஒத்துத் தெரியும் குறிகளைக் கையாளும் முறையை யூனிகோடின் 39-ஆம் தொழில்நுட்பத் தரம் விளக்குகிறது, அங்கிருந்து தமிழுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இந்தச் செய்தியைச் சேர்த்த பிறகு பிள்ளைகள் தாங்களாகவே திருத்திக்கொள்கிறார்கள்.

மூன்றாவது, கண்ணுக்கே தெரியாத குறி. இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய வரியில் 8204 அல்லது 8205 என்ற எண் தென்பட்டால் அதுதான். அகலமில்லாத இணைப்பான்கள் இவை. பைதான் இவற்றைப் பெயருக்குள் ஏற்காது, ஜாவாஸ்கிரிப்ட் ஏற்கும். நாங்கள் ஏற்பதில்லை, ஆனால் "இந்த வரியில் கண்ணுக்குத் தெரியாத 8204 குறி இருக்கிறது, 'மரம்' என்ற சொல்லுக்கு அடுத்து" என்று இடம் காட்டிச் சொல்கிறோம், ஃபார்மேட்டரை ஓட்டினால் அதுவே நீக்கிவிடும்.

அறிகுறி 3: பிழைச் செய்தியில் ^ குறி வேறெங்கோ நிற்கிறது, அல்லது எடிட்டரில் "வரையறைக்குப் போ" அழுத்தினால் வேறு இடத்துக்குப் போகிறது

எத்தனை இடம் தள்ளி நிற்கிறது என்று எண்ணுங்கள், அந்த எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும். வரியின் தொடக்கத்தில் "தமிழ்" என்ற ஒரு சொல் இருந்து, குறி பத்து இடம் வலப்பக்கம் போயிருந்தால், யாரோ பைட்டை எண்ணுகிறார்கள்: பதினைந்திலிருந்து ஐந்து போனால் பத்து (எழுத்தாக எண்ணும் திரையில் பன்னிரண்டு). இரண்டு இடம் மட்டும் தள்ளியிருந்தால் குறியெண்ணை எண்ணுகிறார்கள், திரையோ எழுத்தைக் காட்டுகிறது: ஐந்திலிருந்து மூன்று போனால் இரண்டு. தமிழில் எல்லாம் சரியாக இருந்து, வரியில் ஓர் எமோஜி வந்ததும் ஓர் இடம் தள்ளிப்போனால் அது யூடிஎஃப்-16 கணக்கு, அதில் எமோஜிக்கு இரண்டு அலகு.

எடிட்டர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். எடிட்டரும் மொழிச் சேவையகமும் பேசிக்கொள்ளும் நெறிமுறையை மைக்ரோசாஃப்ட் 2016-ல் அறிமுகப்படுத்தியது. அதில் இடம் என்பது யூடிஎஃப்-16 அலகில் சொல்லப்படும். 2022-ல் வந்த 3.17 பதிப்பிலிருந்துதான் இரண்டு பக்கமும் பேசி யூடிஎஃப்-8 என்றோ யூடிஎஃப்-32 என்றோ ஒப்புக்கொள்ளலாம், ஒப்புக்கொள்ளாவிட்டால் பழையபடி 16. ட்ரீ-சிட்டர் என்ற பார்சரை (நிரலின் வாக்கிய அமைப்பைப் பிரித்தறிவது) பயன்படுத்தினால் அது நெடுவரிசையைப் பைட்டில் தரும். நடுவில் மாற்றிக்கொடுக்க மறந்தால் ஆங்கிலக் கோப்பில் ஒன்றும் தெரியாது, தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றுக்கும் இரண்டு இடம் தள்ளிக்கொண்டே போகும். அன்றாடத் தமிழ் எழுத்தெல்லாம் யூடிஎஃப்-16-ல் ஒரே அலகு, ஆகவே தமிழை மட்டும் வைத்துச் சோதித்தால் குறியெண் கணக்கும் அலகுக் கணக்கும் ஒன்றாகவே வந்து கோளாறு ஒளிந்துகொள்ளும். சோதனைக் கோப்பில் ஓர் எமோஜியையும் போடுங்கள். தமிழே வேண்டும் என்றால் முந்திரி, அதாவது 320-ல் ஒரு பங்கைக் குறிக்கும் பழைய பின்னக் குறியைப் போடலாம். 2019-ல் யூனிகோடு 12 சேர்த்த அந்தத் தொகுதி முழுவதும் இரண்டு அலகு பிடிக்கும்.

இப்போது டெர்மினல், அதாவது கட்டளை தட்டும் எழுத்துத் திரை. இதில் பல வாரம் போராடியிருக்கிறேன். உயிர்க்குறி ஒன்று திரையில் எத்தனை கட்டம் பிடிக்கும் என்பதில் டெர்மினல்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. புள்ளிக்குக் கட்டம் இல்லை என்று பெரும்பாலும் ஒத்துக்கொள்கின்றன, கொம்பு, கால் போன்றவற்றுக்கு ஒன்று ஒரு கட்டம் ஒதுக்கும், இன்னொன்று ஒதுக்காது. க்ஷ கண்ணுக்கு ஒன்று, யூனிகோடின் எழுத்துப் பிரிப்பு விதிக்கு இரண்டு. ஆகவே இடைவெளிகளை எண்ணி வைத்து அடுத்த வரியில் ^ போடும் முறையால் தமிழுக்கு எல்லா டெர்மினலிலும் சரியாக வரவைக்கவே முடியாது. அந்த முயற்சியை விட்டுவிடுங்கள். தவறான சொல்லையே அடிக்கோடிட்டுக் காட்டுங்கள்: சொல்லுக்கு முன் எஸ்கேப் வரிசையில் (டெர்மினலுக்கான கட்டளைக் குறிகளில்) 4, சொல் முடிந்ததும் 0. எந்தக் கணக்கும் தேவையில்லை. வெளியீடு கோப்புக்குப் போனால் அடிக்கோடு வேண்டாம், வரி எண்ணோடு அந்தச் சொல்லை மேற்கோளுக்குள் போட்டாலே போதும்.

அறிகுறி 4: மேக்கிலும் லினக்ஸிலும் ஓடுகிறது, விண்டோஸில் "சார்மேப்" என்று விழுகிறது

கோப்பைத் திறக்கும்போது என்கோடிங் (எழுத்தைப் பைட்டாக்கும் முறை) எது என்று சொல்லவில்லை. விண்டோஸில் பைதான் அந்தக் கணினியின் பழைய குறிப்பக்கத்தை எடுத்துக்கொள்ளும், அதில் தமிழ் இல்லை. திறக்கும் இடத்திலெல்லாம் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுதுங்கள். எங்கெல்லாம் விட்டுப்போயிற்று என்று தேட பைதான் 3.10-லிருந்து என்கோடிங் வார்னிங் இருக்கிறது. 3.15-ல் யூடிஎஃப்-8 இயல்பாகவே ஆகிறது என்றாலும் வகுப்பறை மடிக்கணினிகளில் பழைய பதிப்புகள் பல வருடம் இருக்கும். திரையில் சரியாக வந்து, வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பும்போது மட்டும் விழுந்தாலும் இதே காரணம்தான். அவசரத்துக்கு பைதான்யூடிஎஃப்8 என்ற சூழல் மாறியில் 1 வையுங்கள்.

முதல் வரி முதல் குறியிலேயே பிழை, ஆனால் அங்கே ஒன்றும் இல்லை என்றால் கோப்பின் தலையில் 65279 என்ற கண்ணுக்குத் தெரியாத குறி உட்கார்ந்திருக்கும். பழைய நோட்பேடு சேர்த்தது. லெக்சர் கோப்பின் தொடக்கத்தில் மட்டும் அதைத் தாண்டிப் போகட்டும்.

அறிகுறி 5: கிட் ஸ்டேட்டஸில் கோப்பின் பெயர் "\340\256\244" என்று வருகிறது

ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அது த-வின் மூன்று பைட், எட்டடிமான எண்ணில். பதிப்புகளைக் காக்கும் கருவியான கிட்டின் அமைப்பில் கோர்.குவோட்பாத் (core.quotePath) என்பதை அணைத்தால் தமிழ் தெரியும். இதைப் பார்த்துப் பயந்து கோப்பின் பெயரை மாற்றிய பங்களிப்பாளர் உண்டு, ரீட்மியில் ஒரு வரி எழுதிவைத்தால் அது நடக்காது.

அறிகுறி 6: ஒரு அடைப்புக்குறி விட்டதற்கு நாற்பது பிழை, அல்லது எடிட்டர் அப்படியே உறைந்துவிடுகிறது

பார்சர் முதல் பிழையிலிருந்து மீள்வதில் கோளாறு. நாற்பது பிழை என்றால் அது போதுமான தூரம் தாண்டாமல், உடைந்த வாக்கியத்தின் நடுவிலிருந்தே மறுபடி படிக்கத் தொடங்குகிறது. வரி முடிவு, "முடி" என்ற முதன்மைச்சொல், அடுத்த செயற்கூற்றின் தொடக்கம் போன்ற உறுதியான இடம் வரும்வரை டோக்கன்களைத் தள்ளிவிட்டு அங்கிருந்து தொடங்கவேண்டும். வாக்கியத்துக்கு ஒரு பிழைக்கு மேல் சொல்லவேண்டாம். கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு முதல் பிழைதான் முக்கியம், மற்ற முப்பத்தொன்பதும் அவளைப் பயமுறுத்துகின்றன.

உறைந்துபோவது இதன் மறுபக்கம். மீளும் சுற்று ஒரு டோக்கனைக்கூட விழுங்காமல் அதே இடத்தில் சுற்றுகிறது. எடிட்டரில் எந்த நொடியிலும் கோப்பு பாதி எழுதியபடிதான் இருக்கும் என்பதால் இது கட்டளை வரியில் தெரியாமல் எடிட்டரில் தெரியும். சுற்றின் தொடக்கத்தில் இடத்தைக் குறித்துவைத்து, முடிவில் அது நகரவில்லை என்றால் கட்டாயமாக ஒரு டோக்கனை விழுங்கச் செய்யுங்கள். பிறகு சரியான ஒரு நிரலை எடுத்து, அதை முதல் குறியில், இரண்டாம் குறியில், மூன்றாம் குறியில் என்று ஒவ்வொரு இடத்திலும் வெட்டி பார்சருக்குக் கொடுத்து எல்லாம் ஒரு விநாடிக்குள் திரும்புகிறதா என்று சோதியுங்கள். இருபது வரியில் எழுதிவிடலாம், எங்களுக்கு முதல் ஓட்டத்திலேயே மூன்று உறைதல்கள் அகப்பட்டன.

அறிகுறி 7: காலையில் மட்டும் ஒரு சோதனை விழுகிறது

எங்கள் குழுவில் ஒருவர் வேலைக்குக் கிளம்புமுன் ஆறரை மணிக்குச் சோதனைகளை ஓட்டுவார். தேதித் தொகுதியின் சோதனை ஒன்று அவருக்கு மட்டும் விழும், இரவில் ஓட்டும் எங்களுக்குப் பச்சையாக வரும். சிங்கப்பூர் உலக நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னால். காலை எட்டு மணிவரை உலக நேரத்தில் இன்னும் நேற்று. சோதனையின் ஒரு பாதி உள்ளூர்த் தேதியையும் மறுபாதி உலக நேரத் தேதியையும் கேட்டது. சோதனைக்குள் உண்மையான கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், நேரத்தை வெளியிலிருந்து கொடுங்கள்.

பிறந்தநாளிலிருந்து வயதைக் கணக்கிடும் நிரலில் அரைமணி நேரம் இடித்தால் அது வேறு கதை. 1981 கடைசி வரை சிங்கப்பூர் ஏழரை மணி நேரம்தான் முன்னால் இருந்தது. டிசம்பர் 31 இரவு 11:30 ஆனபோது கடிகாரத்தை 12:00 ஆக்கினார்கள். தாத்தாவின் பிறந்தநாளைப் போட்டால் அந்த அரைமணி நேரம் வெளியே வரும். நேர மண்டலத் தரவு சரியாகச் சொல்கிறது, "எட்டு" என்று கையால் எழுதிவைத்த இடத்தைத் தேடித் திருத்துங்கள்.

அறிகுறி 8: போன மாதம் ஓடியது, இப்போது ஓடவில்லை, அல்லது ஓடுகிறது, ஆனால் மெதுவாக

யூகிக்கவேண்டாம். கோளாறைக் காட்டும் சின்னக் கோப்பு கையில் இருந்தால் கிட் பைசெக்ட் ரன் (பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கட்டளை) போதும், ஆயிரம் கமிட் (பதிந்த மாற்றம்) இருந்தாலும் பத்து ஓட்டத்தில் குற்றவாளி கமிட் அகப்படும். ஒவ்வொரு கமிட்டும் தனியாக ஓடவேண்டும் என்று நாங்கள் பங்களிப்பாளர்களிடம் பிடிவாதமாகக் கேட்பது இதற்காகத்தான்.

மெதுவாவதையும் கோளாறாகவே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒளித்துவைத்த பின்கதவு வெளிப்பட்டதே, ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர் எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைக்கணினிக்குள் நுழைவது ஏறக்குறைய அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டியதால்தான். அந்தப் பின்கதவை வைத்தவர் நீண்ட காலம் உதவி செய்து பராமரிப்பாளர் உரிமை பெற்றவர். அதன் பிறகு எங்கள் குழுவில் வெளியீட்டு உரிமை இரண்டு பேரிடம் இருக்கிறது, ஒருவர் பொட்டலம் கட்டினால் மற்றவர் அதே கமிட்டிலிருந்து தானும் கட்டி ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வெளியே போகும்.

அறிகுறி 9: புகார் வருகிறது, ஆனால் நம்மால் மறுபடி வரவைக்க முடியவில்லை

திரைப்பிடிப்பை (ஸ்கிரீன்ஷாட்) மட்டும் அனுப்பியிருப்பார்கள். கௌதாரியின் திரைப்பிடிப்பை நூறு தடவை பார்த்தாலும் 3020 தெரியாது. வரியை அரட்டைச் செயலியில் ஒட்டி அனுப்பச் சொல்வதும் உதவாது, நடுவில் யார் குறிகளை மாற்றினார்கள் என்று தெரியாமல் போகும். கோப்பையே சுருக்கி இணைக்கச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, கருவியிலேயே ஒரு கட்டளை வையுங்கள்: "விவரம்" என்று தட்டினால் பதிப்பு எண், இயங்குதளம், என்கோடிங், பிழை வந்த வரியின் குறியெண்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எழுதித் தரட்டும். பத்து வயதுப் பிள்ளையும் அதை அனுப்பிவிடலாம்.

அறிகுறி 10: சரிசெய்த கோளாறு ஆறு மாதம் கழித்துத் திரும்பி வருகிறது

பெரும்பாலும், நீங்கள் திருத்தியது வேறொரு நூலகத்தின் நகலை. உங்கள் களஞ்சியத்துக்குள் இருந்த நகலில் மூன்று வரி மாற்றினீர்கள், யாரோ நூலகத்தைப் புதுப்பித்தார்கள், மூன்று வரியும் போயிற்று. எழுத்தின் திரை அகலத்தைக் கணக்கிடும் நூலகத்தில் எங்களுக்கு இரண்டு முறை இப்படி ஆனது. திருத்தத்தை மூல நூலகத்துக்கே அனுப்புங்கள். தமிழ் தெரியாத பராமரிப்பாளர் அதைப் படிப்பார் என்பதை மனத்தில் வைத்து எழுதுங்கள்: சொல், அதன் குறியெண்கள், இப்போது வரும் விடை, வரவேண்டிய விடை, யூனிகோடு தரத்தின் எந்தப் பண்பு அப்படிச் சொல்கிறது, இவ்வளவும் இருந்தால் அவர் நம் எழுத்தைப் படிக்கத் தேவையே இல்லை. நாங்கள் அனுப்பியவற்றில் இப்படி எழுதியவை சில நாளில் சேர்ந்துவிட்டன, "தமிழ் சரியாக வரவில்லை" என்று மட்டும் எழுதிய ஒன்று ஒரு வருடம் அப்படியே கிடந்தது.

கூடவே ஒரு சோதனைக் கோப்பையும் கொடுங்கள். எங்கள் சோதனை அடைவில் ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு கோப்பு, அதைக் கண்டுபிடித்தவர் வைத்த மாறியின் பெயரிலேயே இருக்கிறது. பழம் இருக்கிறது, முந்திரி இருக்கிறது. கௌதாரி இரண்டு கோப்பாக இருக்கிறது, ஒன்று 3020-ஓடு, மற்றது 2995-ஓடு.